காய்ச்சல் என்று சொன்னவர் கூலியை இழக்கக்கூடாது

கட்டிட வேலை நடக்கிற இடத்தில் தொற்றுநோயைத் தடுக்க முதலில் என்ன செய்யணும் என்று என்னைக் கேட்டால், மாஸ்க்குக்கும் சானிடைசருக்கும் முன்னால் நான் சொல்வது ஒன்றுதான். உடம்பு சரியில்லை என்று வாய்திறந்து சொல்கிற ஆளுக்கு, அவர் படுத்திருக்கிற நாளுக்கும் கூலி கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வேலை செய்யும்.

நான் கோவையில் சைட் இன்ஜினியர். கொரோனா இரண்டு வருஷமும் பெரும்பாலும் சூலூர் பக்கம் ஓர் அடுக்குமாடி வேலையில் இருந்தேன், நடுவில் கொஞ்ச காலம் அவிநாசி பக்கம் ஒரு குடோன் வேலை. இப்போது உட்கார்ந்து இதை எழுதக் காரணம், இந்த மழையில் சைட்டில் காய்ச்சல் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் யாரும் சொல்வதில்லை. அன்றைக்குக் கேட் பக்கத்தில் கட்டிய கை கழுவும் தொட்டியில் இன்றைக்கு உடைந்த டைல்ஸைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் போல.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் மூடியாச்சு. ஏப்ரல் 15ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. நகர எல்லைக்குள் ஆட்கள் சைட்டிலேயே தங்கியிருந்தால் வேலையை நடத்தலாம், வெளியிலிருந்து ஆள் கூட்டிவரக்கூடாது. நம் மாநிலத்தில் தளர்வு வர மே மாதம் ஆகிவிட்டது. உத்தரவோடு ஒரு பட்டியலும் இருந்தது: உள்ளே வரும்போது காய்ச்சல் பார்க்கணும், கை கழுவ வசதி வேண்டும், சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து விடணும், ஆறடி தள்ளி உட்காரணும், லிஃப்டில் அதன் அளவைப் பொறுத்து 2 பேரோ 4 பேரோதான், குட்கா கூடாது, எச்சில் துப்பக்கூடாது, தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நல்ல பட்டியல்தான், இன்றைக்குப் படித்தாலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அந்த வாரம் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆகும் என்பதை ஒரு சித்தாள் அக்கா எனக்கு நேராகவே சொன்னார். காலையில் வரும்போதே முகம் வாடியிருந்தது, கண் சிவந்திருந்தது, கேட்டால் ஒன்றுமில்லை என்றார், மத்தியானம் சாந்துச் சட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க சார், காச்சல்னு சொன்னா வூட்டுக்குப் போகச் சொல்லிப்போடுவீங்க. சனிக்கெழமை சம்பளத்துக்கு நான் என்னுங்க பண்றது? அதான் வரும்போதே ஒரு மாத்திரை போட்டுட்டு வந்துட்டனுங்க" என்றார். பாராசிட்டமால் போட்டால் சில மணி நேரத்துக்குக் காய்ச்சல் தெரியாது. கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டுகிற அந்தத் துப்பாக்கி 98 காட்டும். காட்டியது.

அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்லணும். நெற்றி வெயிலில் காய்ந்திருந்தால் காய்ச்சல் இல்லாதவருக்கும் ஏறிக் காட்டும். டூவீலரில் சூலூரிலிருந்து எதிர்வெயிலில் வந்த கம்பி கட்டுகிற பையனைக் கால் மணி நேரம் நிழலில் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தால் சரியாக இருப்பான். அதைவிடப் பெரிய விஷயம், கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும், அதை எந்தக் கருவியும் காட்டாது. இருந்தும் கேட்டில் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கிறவர் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கணும்: "ராத்திரி தூங்கினீங்களா, வீட்டில் யாருக்காவது முடியலையா?" பயமில்லாமல் பதில் வந்தால் அதில் தெரிகிற விஷயம் துப்பாக்கியில் தெரியாது. பயமில்லாமல் பதில் வர வேண்டும் என்றால் கூலி போகக்கூடாது, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

நோய் உண்மையில் எங்கே பரவியது என்று யோசித்தால், வேலை செய்கிற இடத்தில் குறைவுதான் என்று நினைக்கிறேன். மூன்றாவது மாடியில் சுவர் எழும்பாத தளத்தில் காற்று வீசிக்கொண்டே இருக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நம் ஊரில் குறைச்சலே இல்லை, ஆனி ஆடியில் சாரத்தில் நிற்கவே முடியாது. அங்கே கொத்தனாரும் சித்தாளும் நாலடி தள்ளி நின்று வேலை செய்வதில் ஆபத்து கம்மி. ஆபத்து இருந்தது மூன்று இடத்தில்: வண்டி, டீ, ஷெட். அதோடு கதவு ஜன்னல் போட்டு முடித்த வீட்டுக்குள் நடக்கிற டைல்ஸ், பட்டி, பெயிண்டிங் வேலை. தூசி வெளியே போகக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேர் ஒரு ரூமில் இருப்பார்கள்.

வண்டி என்றால் சின்ன டெம்போ. பின்னால் தார்ப்பாய் கட்டி, பொழுதோட அத்தனை பேரும் ஏறி, மழை வந்தால் தார்ப்பாயை முழுசாக இறக்கிவிட்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் போவார்கள். பகல் முழுக்க ஆறடி தள்ளி நிற்க வைத்துவிட்டு சாயந்திரம் இதில் ஏற்றினால் பகலில் பட்ட பாடெல்லாம் வீண். நாங்கள் செய்தது, இரண்டு நடை அடிக்கச் சொல்லி டீசல் காசைக் கம்பெனி கணக்கில் எழுதியதும், தார்ப்பாயின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கட்டவே கூடாது என்று டிரைவரிடம் சொன்னதும்தான். முதலில் முனகினார்கள். அப்புறம் பழகிவிட்டது.

டீ நேரம் எல்லாருக்கும் 11 மணிக்கு. ஒரே கேன், எவர்சில்வர் டம்ளர் ஆறேழு, ஒரு பக்கெட் தண்ணியில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு. டம்ளரை வீட்டிலிருந்து அவரவர் கொண்டுவரச் சொன்னோம். ஆனால் டம்ளரைவிட முக்கியம், அந்தப் பத்து நிமிஷம் எல்லாரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு நெருக்கமாக உட்கார்ந்து பேசுகிற இடம் அது. நேரத்தைப் பிரித்து விட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வரும், ஏனென்றால் கொத்தனார் டீ குடிக்கும்போது சித்தாள் கலவை போட்டுக்கொண்டிருந்தால் கலவை காய்ந்துபோகும். அதனால் கொத்தனார், சித்தாள், நிமிந்தாள் (ஆண் உதவியாள்) எல்லாரையும் சேர்த்து ஒரு செட் என்று பிரித்தோம். ஒரு செட் ஒன்றாக வேலை செய்யும், ஒன்றாக டீ குடிக்கும், ஒரே நடையில் ஏறும், ஷெட்டில் தங்குகிறவர்களானால் ஒரே அறையில் படுக்கும். ஒருத்தருக்கு வந்தால் அந்த ஒரு செட் மட்டும் நிற்கும், மற்ற வேலை ஓடும். எனக்குத் தெரிந்து சைட்டில் செய்த ஏற்பாடுகளிலேயே மேஸ்திரிகள் மனசார ஒத்துக்கொண்டது இது ஒன்றைத்தான், ஏனென்றால் வேலையே பழைய காலத்திலிருந்து செட் செட்டாகத்தான் நடக்கிறது.

கான்கிரீட் போடுகிற நாள் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அன்றைக்கு எல்லா செட்டும் வேண்டும். மிக்ஸர் மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, அதனால் எல்லாரும் கத்துவார்கள், கத்துவதற்காக மாஸ்க்கை இறக்குவார்கள். கத்தும்போது வாயிலிருந்து வருகிற எச்சில் துளிகள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு அதிகம். சட்டி கைமாறிக் கைமாறிப் போகிற வரிசையில் தோளுக்குத் தோள் இடிக்கும். பாதியில் நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதுசும் ஒட்டாமல் ஜாயின்ட் விழுந்து பின்னால் ஒழுகும். நாங்கள் மேஸ்திரிக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தோம். ஒரு ஊதல் என்றால் கலவை, இரண்டு என்றால் தண்ணி, நீளமாக ஊதினால் நிறுத்து. நாலைந்து கான்கிரீட்டுக்குப் பிறகு யாரும் கத்துவதே இல்லை. கொரோனா போன பிறகும் அந்த மேஸ்திரி விசிலோடுதான் வருகிறார். முடிந்த இடத்தில் ரெடிமிக்ஸும் (வெளியிலேயே கலந்து லாரியில் வருகிற கான்கிரீட்) பம்பும் வைத்தால் ஆளே பாதி போதும், ஆனால் சின்ன வீட்டு வேலையில் அது கட்டுப்படியாகாது.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் துணி மாஸ்க்குக்கு நமக்குப் பஞ்சமே இல்லை, பனியன் கம்பெனிகள் எல்லாம் மாஸ்க் தைத்த காலம் அது. ஆனால் பனியன் துணி இழுவைத் துணி. முகத்தில் இழுத்து மாட்டும்போது கண்ணி விரிந்துவிடும். இழுபடாத துணியில், மூன்று அடுக்காக இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்னது. அதைவிடச் சிக்கல் வியர்வை. சித்தாள் வேலை செய்கிறவர் மாஸ்க் ஒரு மணி நேரத்தில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், நனைந்த மாஸ்க்கில் மூச்சும் முட்டும், பாதுகாப்பும் போய்விடும். ஒரு ஆளுக்கு ஒரு மாஸ்க் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுப்பதால் பிரயோஜனம் இல்லை, ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று வேண்டும், நனைந்ததைப் போட ஒரு பை, துவைத்துக் காயப்போட ஒரு கொடிக் கயிறு. டைல்ஸ், கிரானைட் அறுக்கிறவர்கள் தூசிக்காக வைத்திருந்த வால்வு வைத்த மாஸ்க்கையே கொரோனாவுக்கும் போட்டுக்கொண்டார்கள். அது போட்டிருக்கிறவரைக் காப்பாற்றும், ஆனால் அவர் விடுகிற மூச்சு அந்த வால்வு வழியாக வடிகட்டாமல் வெளியே வந்துவிடும். அவர்களுக்கு வால்வு இல்லாத என்95 வாங்கிக் கொடுத்தோம். அது கல் அறுக்கிற தூசிக்கும் வேண்டியதுதான், அந்த சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, ஏற்கெனவே பழுதான நுரையீரலோடு இருக்கிறவருக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கை கழுவுவதில் சானிடைசரை நம்ப வேண்டாம். சாந்தும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. சிமெண்ட் பட்டு வெடித்த கையில் அதை ஊற்றினால் எரிகிற எரிச்சலில் மறுநாள் யாரும் அந்தப் பாட்டில் பக்கமே போக மாட்டார்கள். சோப்பும் ஓடுகிற தண்ணியும்தான் வேண்டும், சுவருக்குத் தண்ணி விட வைத்திருக்கிற கியூரிங் டிரம்மில் முக்குவது கழுவியதாகாது. சோப்பு காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்கள் கொசுவலைத் துண்டில் சோப்பை முடிந்து குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வையுங்கள், வெடிப்புக்கு. அந்த எண்ணெய்க்காகவே கை கழுவ வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து தெளிக்கிற சுரங்கம் ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் வைத்தார்கள், நாடு முழுக்கப் பேச்சானது, பல ஊர்களில் அதே மாதிரி வைத்தார்கள். அந்த மாதமே மனுஷங்க மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம், கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அதில் சந்தேகம் இல்லை. அடுத்த முறை யாராவது கேட்டில் அப்படி ஒன்றை வைக்க வந்தால், அந்தக் காசில் ஷெட்டுக்கு நாலு ஜன்னல் வையுங்கள் என்று சொல்லுங்கள்.

ஷெட் பற்றிச் சொல்லித்தான் ஆகணும். தகரச் சுவர், தகரக் கூரை, பத்துக்குப் பத்து அறையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் ஏழெட்டுப் பேர். சித்திரை வைகாசியில் உள்ளே நிற்க முடியாது, ராத்திரி கொசுவுக்குப் பயந்து இருக்கிற இடுக்கையும் அடைத்துவிடுவார்கள். தங்க இடம், தனியாகச் சமைக்க, குளிக்க, கழிக்க வசதி எல்லாம் முதலாளி காசு வாங்காமல் செய்து தரணும் என்று 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, பெருந்தொற்று வந்து புதிதாகக் கேட்டதில்லை இது. நாங்கள் கூரைக்குக் கீழே சுற்றிலும் ஓர் அடி தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பிவலையும் கொசுவலையும் சேர்த்து அடித்தோம், தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கச் சொன்னோம், அறைக்கு நாலு பேர் என்று குறைக்க இன்னொரு ஷெட் போட்டோம். வெல்டிங்காரர் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். பெரிய செலவே இல்லை.

பெரிய சண்டை வேறொன்றில் வந்தது. ஒரு பையனுக்கு டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வரவில்லை, அதுவரை அவனை எங்கே வைப்பது? ஷெட்டில் வைத்தால் எல்லாருக்கும் வரும். சைட்டில் முதல் மாடியில் தரையும் ஜன்னலும் பாத்ரூமும் முடிந்த வீடுகள் சும்மா கிடந்தன. அதில் ஒன்றைக் கேட்டேன். "கிரகப்பிரவேசம் கூட ஆகாத வீட்டில் நோயாளியைப் படுக்க வைப்பீங்களா, வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்று கம்பெனியில் கேட்டார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்த வீட்டுச் சுவரில் செங்கல் வைத்தவன் அவன். மூன்று நாள் பேசி, கடைசியில் யாருக்கும் விற்காமல் மாதிரிக்கு வைத்திருந்த வீட்டைக் கொடுத்தார்கள். பையன் அங்கே படுத்திருந்தான், சாப்பாடு வாசலில் வைத்தோம், குணமாகி இறங்கி வந்தான். நம் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, நூறு வருஷத்துக்கு முன்னால் ஊரையே காலி பண்ணித் தோட்டத்தில் போய்க் குடிசை போட்டிருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோய் வந்தவருக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. வேலை தொடங்கும்போதே அந்த இடம் எது என்று பிளானில் குறித்துவிட்டால் நடு ராத்திரியில் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

பெயிண்டர்களுக்கு ஒரு குறிப்பு. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி போகணும் என்று எல்லாருக்கும் அத்துப்படி ஆகியிருந்தது. ஆனால் நகத்தில் எனாமல் பெயிண்ட் இருந்தால் அது சரியாகக் காட்டாது. ஒரு பெயிண்டருக்கு 88 காட்டி நாங்கள் பதறி வண்டி கூப்பிட்டுவிட்டோம், அவர் சுண்டுவிரலைத் தின்னரில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினதும் 97. இதே தவறு மறுபக்கமாகவும் நடக்கலாம், அதனால் சுத்தமான விரலில், கை சூடாக இருக்கும்போது பாருங்கள்.

2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது, ஒரு நாளில் 4,000க்கு மேல். சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிதான் அப்போது இங்கே கொரோனா ஆஸ்பத்திரி, அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் கவச உடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் போய்ப் பார்த்தது அங்கேதான். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். கட்டிடத் தொழிலாளிக்கு 2015 ஆகஸ்ட் முதல் ஈஎஸ்ஐ என்கிற அரசுக் காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கிறவருக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டணும். கட்டினால் வைத்தியம் இலவசம், உடம்பு சரியில்லாமல் இருக்கிற நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நான் முதலில் கேட்ட கூலி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது! ஆனால் மேஸ்திரி கூட்டிவருகிற ஆட்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏறினாலும் ஆறு மாதத்தில் 78 நாள் பணம் கட்டியிருக்கணும், அந்தக் கணக்குக்கான பலன் சில மாதம் கழித்துத்தான் தொடங்கும், சைட் மாறி மாறிப் போகிறவருக்கு இது கைக்கு எட்டுவதே அபூர்வம். அதோடு பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாகச் சுடுகிறது, போகலாமா வேண்டாமா என்று ஆள் யோசிக்கிற நாள் அந்த முதல் இரண்டு நாள்தான். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

அந்த முதல் நாட்களை சைட்டே ஏற்கணும் என்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் வேலை செய்கிற சைட்டில் ஒரு மோசமான மாதத்தில் 6 பேர் ஆளுக்கு 5 நாள் படுத்தார்கள், சராசரிக் கூலி 800 என்று வைத்தால் 24,000 ரூபாய். அதே சைட் தொற்றால் ஒரே ஒரு நாள் நின்றால் கூலி மதிப்பே 48,000, கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகை வாடகையும் வட்டியும் தனி. தடுப்பூசி நேரத்திலும் இதையே பார்த்தோம். 2021 செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் தொடங்கியபோது ஊசிக்குப் பயந்தவர்களைவிட, திங்கள்கிழமை காய்ச்சல் வந்து கூலி போய்விடும் என்று பயந்தவர்கள்தான் எங்கள் சைட்டில் அதிகம். திங்கள்கிழமைக் கூலி உண்டு என்று சொன்ன வாரம் வடக்கத்திப் பையன்கள் உட்பட எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் எடுத்து வையுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருக்கிற கட்டுமானத் தொழிலாளி பதிவு செய்யலாம், கட்டிடச் செலவில் 1 சதவீதம் செஸ் என்கிற வரி பிடிப்பதே அதற்காகத்தான், 10 கோடி வேலைக்கு 10 லட்சம் போகிறது. 2020 ஊரடங்கில் பதிவு செய்தவர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசியும் கிடைத்தது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

புது வேலைக்கு ரேட் பேசுகிற இன்ஜினியர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியோடு எழுதும்போது, உடம்பு முடியாத நாளுக்கு ஆளுக்கு இத்தனை நாள் கூலி என்று தனி வரியாக எழுதுங்கள். டாக்டர் சீட்டு கேட்காதீர்கள், முதல் இரண்டு நாளுக்கு யாரிடமும் சீட்டு இருக்காது. அந்தப் பணத்தை மேஸ்திரி மூலமாகக் கொடுக்காமல் சனிக்கிழமை மற்றவர்களுக்குச் சம்பளம் போடுகிற அதே நேரத்தில் நேராக அந்த ஆளின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். வராதவருக்கும் பணம் வந்தது என்று மற்ற செட்டுக்குத் தெரியட்டும்.